கொம்பியூட்டர் வேண்டாம் என்றவரின் படம்

வீடு கட்டும்போது கூட நின்று பார்த்தவர்களுக்கு இது தெரிந்த கதை. மேசன் காலமை வந்து நிற்பார். வயரிங் குழாய் இன்னும் சுவருக்குள் போயிருக்காது. குழாய் போகாமல் பூச முடியாது, பூச்சுக் காயாமல் பெயின்ற் அடிக்க முடியாது. எது எதுக்காகக் காத்திருக்கிறது என்ற இந்தச் சங்கிலியைக் கொம்பியூட்டரிடம் ஒப்படைக்க முதலில் முயன்றவர்களில் ஒருவர் கட்டடக்காரர் இல்லை, ஒரு இரசாயனக் கம்பனி.

அமெரிக்காவின் டூபொன்ட் நிறுவனத்திடம் அப்போது ஒரு யூனிவாக் இருந்தது. அதைக்கொண்டு தொழிற்சாலைக் கட்டுமானத்தைத் திட்டமிடலாமா என்று 1957இல் டூபொன்ட்டின் மோர்கன் வோக்கரும் ரெமிங்டன் ராண்டின் ஜேம்ஸ் கெலியும் கணக்குப் பார்க்கத் தொடங்கினார்கள். வேலை பிந்தினால் எல்லாரையும் ஓவர்டைம் செய்யவைப்பதுதான் வழக்கம். அது வீண்செலவு என்று இவர்களின் கணக்குக் காட்டியது. முடிவுத் திகதியைத் தீர்மானிப்பது ஆக நீளமான அந்த ஒரு சங்கிலி மட்டும்தான். மற்ற வேலைகள் கொஞ்சம் பிந்தினாலும் ஒண்டும் ஆகாது. மதிலை இரவுபகலாகக் கட்டி முடித்தாலும் கூரை ஏறாத வீட்டுக்குக் குடிபோக ஏலாதுதானே.

கெலி இதை 'பிரதான சங்கிலி' என்றுதான் சொன்னார். 'கிரிட்டிக்கல் பாத்' என்ற பெயர், அதே காலத்தில் பொலாரிஸ் ஏவுகணைக்குத் திட்டமிட்ட கடற்படைக் குழுவிடமிருந்து வந்தது. லூயிவில் நகரில் டூபொன்ட் ஆலையைத் திருத்த வேலைக்காக மூடுகிற நேரம், இந்த முறையால் 125 மணித்தியாலத்திலிருந்து 93 ஆகக் குறைந்தது. 1959இல் கெலியும் வோக்கரும் முறையைக் கட்டுரையாக வெளியிட்டார்கள்.

ஆனால் சாதாரண கொந்தராத்துக்காரர் யூனிவாக்குக்கு எங்கே போவார்? போதாததுக்கு அந்த வரைபடமும் ஒரு தலையிடி. அதில் அம்புக்குறிதான் வேலை. ஒரு வேலை இரண்டு மூன்று வேலைகளுக்குக் காத்திருந்தால், உண்மையில் இல்லாத வேலைகளுக்குப் போலி அம்புகளும் கீற வேண்டும்.

எங்களுக்குப் பிடித்த ஆள் இங்கேதான் வருகிறார். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் கட்டுமானம் படிப்பித்த ஜோன் ஃபொண்டால், 1961இல் அமெரிக்கக் கடற்படைக்காக எழுதிய அறிக்கையின் தலைப்பிலேயே 'கொம்பியூட்டர் இல்லாத முறை' என்று போட்டார். வேலையை வட்டமாக வை, காத்திருப்பைக் கோடாக இழு, போலி அம்பு தேவையில்லை. கடதாசியும் பென்சிலும் இருந்தால் சைட்டிலேயே இருந்து கூட்டிக் கழிக்கலாம்.

பிறகு நடந்ததுதான் வேடிக்கை. 1983இல் பிரைமாவெரா வந்தது, மைக்ரோசொஃப்ட் ப்ரொஜெக்ட்டும் வந்தது, மேசைக் கொம்பியூட்டரிலேயே அட்டவணை போடுகிற காலம் பிறந்தது. யூனிவாக்குக்காகக் கீறிய அம்புப் படம் மெல்ல மெல்ல வழக்கொழிந்தது. இன்றைக்கு ஒரு திகதியை மாற்றினால் மென்பொருள் நூற்றுக்கணக்கான வேலைகளைத் தானாக நகர்த்துகிறதே, உள்ளே இருப்பது கையால் செய்வதற்கென்று ஃபொண்டால் கீறிய அந்தப் படம்தான். அதில் பூச்சு வேலைக்கு எத்தனை நாள் என்ற கட்டத்தை மட்டும் இப்பவும் யாரோ மேசனிடம் கேட்டுத்தான் நிரப்புகிறார்கள்.