மோட்டார் ஓட்டப் பயில்வோருக்குப் பரீட்சை வந்த வரலாறு



நாற்பது வயதைக் கடந்த பின்னர்ப் பரீட்சை எழுதச் செல்வது ஒரு விநோத அனுபவம். சென்ற ஆண்டு வடநாட்டு நகரம் ஒன்றில், மோட்டார் ஓட்டப் பழகுவதற்கான லைசென்சு வேண்டி, அதற்குரிய முதற்படிப் பரீட்சைக்கு நான் போயிருந்தேன். மத்திய சர்க்காரின் சட்டங்களையும் விதிகளையும் பல்லாண்டுகளாகத் தமிழாக்கிவரும் எனக்குச் சாலை விதிகள் எம்மாத்திரம் என்ற இறுமாப்பும் கொஞ்சம் இருந்தது. காத்திருக்கும் பெஞ்சில் என் பக்கத்தில், தென்காசிச் சீமையைச் சேர்ந்த ஒருவர் சாலைக்குறிப் படங்கள் நிறைந்த சிறு புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். ஓர் உணவு விடுதியில் பதினைந்து ஆண்டுகளாகச் சமையல் செய்பவர். சாமான் வாங்கிவரும் சிறு வண்டியைத் தாமே ஓட்டினால் சம்பளம் உயரும் என்று முதலாளி சொல்லியிருந்தாராம். பேச்சுக் கொடுத்தபோது, "படம் பூரா எனக்குத் தெரியும் சார். கீழ எழுதியிருக்கதுதான் தெரியல" என்றார். திரையில் தோன்றும் வினாக்கள் இந்தியிலும் ஆங்கிலத்திலுமே இருந்தன. இந்தி அவருக்குத் தங்குதடையின்றிப் பேச வரும், எழுத்துத்தான் தெரியாது.

இந்தப் பரீட்சை எப்படிப் பிறந்தது, சாலையை அறிந்தவனைச் சோதிக்க வந்த ஏற்பாட்டில் எழுத்து எப்படி நுழைந்தது என்று தேடிப் பார்க்கும் ஆவல் எனக்கு அன்றுதான் உண்டாயிற்று.

மோட்டார் ஓட்டுவோரின் தகுதியைச் சோதிக்க வேண்டும் என்ற எண்ணம் பாரிஸ் நகரில் தோன்றியது. 1893ஆம் ஆண்டு ஆகஸ்டு 14ஆம் தேதி அந்நகரின் போலீஸ் தலைவர் லூயி லெப்பீன் பிறப்பித்த ஆணை, தகுதிச் சான்றிதழ் இன்றி எவரும் அங்கே மோட்டார் வண்டி ஓட்டலாகாது என்று விதித்தது. இங்கிலாந்தோ இதில் நெடுங்காலம் அசட்டையாகவே இருந்தது. அங்கு 1903ஆம் ஆண்டுச் சட்டம் லைசென்சைக் கட்டாயமாக்கியது உண்மை. ஆனால் 17 வயது நிரம்பியவர் 5 ஷில்லிங் கட்டினால் போதும், வண்டியை ஓட்டத் தெரியுமா என்று கேட்பார் இல்லை.

இதற்கிடையே, சத்தமின்றி வேறொரு காரியம் நடந்தது. மோட்டார் வந்தபின் மனிதன் ஒரே நாளில் எல்லை கடந்து அயல்மொழி பேசும் நாட்டுக்குள் போய்விடுகிறான். அங்கே வழியோரப் பலகையில் 'எதிரே அபாயமான வளைவு' என்று எத்தனை அழகாக எழுதிவைத்தாலும் அவனுக்கு அதனால் பயன் என்ன? ஆகவே, 1909ஆம் ஆண்டு அக்டோபரில் பாரிஸில் கூடிய நாடுகள் நான்கே நான்கு படக்குறிகளை ஒப்புக்கொண்டன. மேடுபள்ளம், வளைவு, சாலைச் சந்திப்பு, ரயில்வே கடவு ஆகியவையே அந்த நான்கு. மொழி அறியாதவனுக்காகவே இவை பிறந்தன என்பதை நேயர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். 1931இல் ஜெனீவாவிலும் 1968இல் வியன்னாவிலும் ஏற்பட்ட உடன்படிக்கைகள் இக்குறிகளைப் பெருக்கி ஒழுங்குபடுத்தின. வியன்னா உடன்படிக்கையில் இந்தியா 1980இல் சேர்ந்தது. 'நில்' என்பதற்கு எட்டு மூலைப் பலகை, 'வழிவிடு' என்பதற்குத் தலைகீழ் முக்கோணம். இவ்வுருவங்கள் வேறு எக்குறிக்கும் இல்லை. மேலே உள்ள எழுத்தைச் சேறு மறைத்தாலும் வடிவமே பேசிவிடும். அன்னிய ஊருக்குப் பிழைக்கப் போய், கடைப் பெயர்ப் பலகைகளின் நடுவே எழுத்தறியாதவராய் நின்றிருக்கும் நம்மவர்க்கு இதன் அருமை தெரியும்.

இங்கிலாந்துக்கு மீண்டும் வருவோம். 1931இல் அங்கே 'நெடுஞ்சாலை நெறி' என்னும் சிறு நூலைச் சர்க்கார் வெளியிட்டது. விலை ஒரு பென்னி. அப்போது அந்நாட்டில் இருந்த மோட்டார் வண்டிகள் ஏறத்தாழ 23 லட்சம்தான். ஆயினும் ஆண்டுதோறும் 7,000 பேருக்கு மேல் சாலையில் மடிந்தனர். முதற் பதிப்பில் சாலைக்குறிப் படங்களே கிடையா. அடுத்த பதிப்பில் வந்தவையும் பத்துத்தான். 1934இல் உயிரிழந்தோர் தொகை 7,343 ஆனது. போக்குவரத்து மந்திரியாக இருந்த ஹோர்-பெலிஷாவின் காலத்தில், 1935ஆம் ஆண்டு ஜூன் முதல் தேதியிலிருந்து பரீட்சை கட்டாயமாயிற்று. பரீட்சை நிலையங்கள் என்று அப்போது இல்லை. பரீட்சகர் ரயில் நிலையம், பூங்கா, தபாலாபீசு போன்ற இடங்களில் காத்திருந்து, ஆளைச் சந்தித்து, வண்டியில் உடன் செல்வார். சாலை நெறியைப் பற்றிய கேள்விகளை வாயால் கேட்பார், பதிலும் வாய்மொழியே. முதலாண்டில் தேறியவர் நூற்றுக்கு 63 பேர். அறிவைச் சோதித்தார்கள், எழுத்தைச் சோதிக்கவில்லை.

நமது நாட்டில் பம்பாய் முதலிய மாகாணங்கள் தனித்தனியே செய்திருந்த ஏற்பாடுகளுக்குப் பின், 1914இல் நாடு முழுவதற்குமான மோட்டார் வண்டிச் சட்டம் வந்தது. அதை மாற்றி எழுந்தது 1939ஆம் ஆண்டுச் சட்டம். சாலைக்குறிகளும் ஓட்டும் நெறிகளும் கைச்சைகைகளும் அச்சட்டத்தின் அட்டவணைகளிலேயே இடம்பெற்றன. அந்தக் கைச்சைகைகளைப் பற்றிச் சொல்லாமல் மேலே செல்ல எனக்கு மனமில்லை. வேகத்தைக் குறைக்கப் போகிறவர் வலக்கையை வெளியே நீட்டி, உள்ளங்கை தரையை நோக்க, பலமுறை மேலும் கீழும் அசைக்க வேண்டும். நிறுத்தப் போகிறவர் முன்கையைச் செங்குத்தாக உயர்த்த வேண்டும். வலப்புறம் திரும்புவோர் கையைக் கிடையாக நீட்டி உள்ளங்கையை முன்னே காட்ட வேண்டும். பின்வரும் வண்டி முந்திச் செல்லலாம் என்பதற்குக் கையை அரைவட்டமாக முன்னும் பின்னும் வீச வேண்டும். இடப்புறம் திரும்புவதற்கும் வலக்கையே; அதை நீட்டி இடஞ்சுழியாகச் சுற்ற வேண்டும். பரதக் கலையின் முத்திரைகளைப் போல் இதுவும் ஒரு மௌன மொழி அல்லவா! விளக்குச் சமிக்ஞைகள் வந்தபின் சாலையில் இம்மொழி ஏறக்குறைய மறைந்துவிட்டது. ஆனால் 1989ஆம் ஆண்டுச் சாலை நெறி ஒழுங்குகளில் அது மாறாமல் இருந்தது; என் கையிலிருந்த வினாத்தொகுப்பிலும் இருந்தது.

இன்று நடைமுறையில் உள்ளது 1988ஆம் ஆண்டுச் சட்டம். 1989 ஜூலை முதல் தேதி அமலுக்கு வந்தது. பழகுநர் லைசென்சு கொடுக்குமுன் பரீட்சையில் தேற வேண்டும் என்று அதன் 8ஆம் பிரிவு கூறுகிறது. எவற்றில் பரீட்சை என்பதை மத்திய விதிகளில் 11ஆம் விதி சொல்கிறது: சாலைக்குறிகளும் நெறிகளும், விபத்து நேர்ந்தால் ஓட்டுபவரின் கடமைகள், காவலற்ற ரயில்வே கடவில் காட்டவேண்டிய எச்சரிக்கை, வண்டியில் வைத்திருக்க வேண்டிய ஆவணங்கள். காவலற்ற கடவை அடைந்ததும் வண்டியை நிறுத்த வேண்டும். கண்டக்டரோ உதவியாளரோ இறங்கி நடந்து போய், இருபுறமும் ரயில் வரவில்லை என்று கண்டபின்பே வண்டி தண்டவாளத்தைக் கடக்கலாம். அவர்கள் இல்லையேல் ஓட்டுபவரே இறங்கிப் பார்க்க வேண்டும். அகலப் பாதையில் காவலற்ற கடவுகள் 2019 ஜனவரியோடு ஒழிந்துவிட்டன. ஆயினும் கேள்வி ஒழியவில்லை. சட்டப் புத்தகத்திலிருந்து ஒரு வரியை அகற்றுவது தண்டவாளத்தின் குறுக்கே பாலம் கட்டுவதைவிடக் கடினம் போலும். இதைக் குறையாகச் சொல்லவில்லை. 2022ஆம் ஆண்டில் மட்டும் 1,68,491 உயிர்களைச் சாலையில் பறிகொடுத்த நாட்டில், இறங்கிப் பார்க்கும் பழக்கத்தைப் பற்றி ஒரு கேள்வி அதிகமாக இருப்பதால் நஷ்டமில்லை.

இங்கிலாந்திலும் வாய்மொழிக் காலம் முடிவுற்றது. 1996 ஜூலை முதல் தேதி எழுத்துப் பரீட்சை தனியாகப் பிரிந்தது. 2000இல் கணிப்பொறிக்கு மாறியது. 2002இல், ஓடும் படத்தைப் பார்த்து அபாயத்தை முன்னறியும் சோதனையும் சேர்ந்தது. ஆங்கிலம் வாசிக்க வராத குடியேறிகளுக்காக வினாக்களைக் காதால் கேட்கும் வசதி 19 அயல்மொழிகளில் அங்கே கிடைத்துவந்தது. அப்பத்தொன்பதில் நம் தமிழும் ஒன்று! ஆனால் மொழிபெயர்ப்பாளர்கள் சிலர் கேள்வியோடு பதிலையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறார்கள் என்ற புகாரும், செலவும், சாலைப் பாதுகாப்பும் காரணமாகக் காட்டப்பட்டு, 2014 ஏப்ரல் 7ஆம் தேதி இவ்வசதி நிறுத்தப்பட்டது. ஆங்கிலமும் வெல்ஷும் மட்டுமே எஞ்சின. மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எனக்கு அந்தப் புகாரைப் படித்தபோது சற்று வெட்கமாகவே இருந்தது.

நம் நாட்டிலும் எழுத்தின் பிடி ஒரு சமயம் இறுகிப் பின்னர் நெகிழ்ந்தது. 2007இல் லாரி, பஸ் முதலிய வாடகை வண்டிகளை ஓட்ட எட்டாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும் என்று விதி வந்தது. கல்வி குறைந்த மேவாத் பகுதியில் வண்டியோட்டிப் பிழைப்போருக்கு விலக்குத் தரவேண்டும் என்று ஹரியானா அரசு கேட்டது. நாட்டில் சுமார் 22 லட்சம் ஓட்டுநர்கள் பற்றாக்குறை என்று மத்திய அமைச்சகமும் கூறியது. 2019இல் அவ்விதி நீக்கப்பட்டது. பள்ளிச் சான்றிதழ் தேவையில்லை என்றாயிற்று. திரையில் வரும் வினாவைப் படித்தாக வேண்டும் என்பதோ நின்றது.

அன்று அந்தத் தென்காசிக்காரர் தேறவில்லை. நான் தேறினேன், எனினும் இடப்பக்கம் திரும்பும் கைச்சைகையில், இடஞ்சுழியை வலஞ்சுழியாக மயங்கிப் பிழைவிட்டேன். அடுத்த இரு ஞாயிற்றுக்கிழமைகள் அவர் என் வீட்டுக்கு வந்தார். இந்தி அகரவரிசையைக் கற்பிக்கப் பொழுது போதாது. ஆகையால் நில், வழிவிடு, வளைவு, பாலம், பள்ளி, முந்தாதே என்பன போன்ற சுமார் முப்பது சொற்களை இந்தியில் பெரிதாக எழுதி, அவற்றையும் சாலைக்குறிகளைப் போலவே உருவம் பார்த்து அடையாளம் காணச் செய்தேன். "இது கொடியில துணி காயுற மாதிரி இருக்கு, இதான் வளைவு" என்று தமக்குத் தாமே சொல்லிப் பழகிக்கொண்டார். மறுமுறை பத்துக்கு ஏழு பெற்றுத் தேறினார்.

பழகுவோர் வண்டியில் ஒட்டவேண்டிய பலகை 18 சென்டிமீட்டர் சதுரமாக இருக்க வேண்டும், வெள்ளைத் தரையில் 'எல்' என்ற ஆங்கில எழுத்து சிவப்பில் இருக்க வேண்டும் என்பது விதி. அதை வாங்கி வந்து என்னிடம் காட்டியவர், இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நம்ம 'ட' மாதிரில்லா இருக்கு சார்."