உருளைக்கிழங்கு சூப்பின் மேலே மிதப்பவை

அமெரிக்க செயின் ரெஸ்டாரண்ட்களின் மெனுவில் "லோடட் பொட்டேட்டோ சூப்" அடிக்கடி கண்ணில் படும். நாஷ்வில்லில் தொடங்கிய ஓ'சார்லீஸ் போன்ற உணவகங்களுக்கு அது அடையாளம் மாதிரியே ஆகிவிட்டது. நம்ம ஊரில் லாரிக்கு "லோடு ஏத்துறது" என்கிறோமே, அதே லோடுதான். கெட்டியான உருளைக்கிழங்கு சூப். அதன் தலையில் துருவிய செட்டார் சீஸ், மொறுமொறுவென்று வறுத்து உடைத்த பேக்கன், பொடியாக நறுக்கிய வெங்காயத்தாள். சில இடங்களில் இதற்கு மேலும் ஒரு கரண்டி புளித்த கிரீம் வைப்பார்கள்.

ஆன்சைட் போன காலத்தில் எனக்குப் பழக்கமான சூப் இது. இப்போது மழை நாட்களில் வீட்டிலேயே செய்கிறேன். செய்முறையைக் கடைசியில் தருகிறேன். அதற்கு முன்னால் இந்தச் சூப்பின் வம்சாவளியைத் தேடிப் போனதில் கிடைத்ததைச் சொல்லிவிடுகிறேன். சுருக்கமாகச் சொன்னால், சூப்பின் அடிப்பாகம் 200 வருஷமாகப் பெரிதாக மாறவில்லை. உருளைக்கிழங்கை உருத் தெரியாமல் வேகவைப்பதுதான் அன்றைக்கும் இன்றைக்கும் வேலை. மாறியதெல்லாம் மேலே என்ன போடுகிறோம் என்பது. அதை முடிவு செய்ததில் சமையல்காரருக்கு எவ்வளவு பங்கோ, எந்தக் காலத்தில் எது யாரிடம் மிஞ்சிக் கிடந்தது என்ற கணக்குக்கும் அவ்வளவு பங்கு உண்டு.

ஒளித்து வேகவைத்த கிழங்கு

உருளை ஆண்டிஸ் மலைக்காரர்களின் பயிர். ஸ்பானியர்கள் வழியாக ஐரோப்பாவுக்கு வந்தது. 1573-லேயே செவில் நகரத்து மருத்துவமனை ஒன்று உருளைக்கிழங்கு வாங்கிய கணக்கு இருக்கிறது. ஆனாலும் அதற்கு அப்புறம் 200 வருஷம் ஐரோப்பாவில் பல இடங்களில் அதை மாட்டுத் தீனியாகத்தான் பார்த்தார்கள். தொழுநோய் வரும் என்ற பயம்கூட இருந்தது.

இந்த இடத்தில்தான் நம்ம துறைக்காரர் மாதிரி ஒருத்தர் வருகிறார். பெஞ்சமின் தாம்சன், பிற்காலத்தில் ரம்ஃபோர்டு பிரபு. 1753-ல் மசாசூசெட்ஸில் பிறந்தவர். அமெரிக்க விடுதலைப் போரில் பிரிட்டன் பக்கம் நின்றதால் ஊரைவிட்டுப் போக நேர்ந்தது. பவேரிய அரசில் பெரிய பதவிக்கு வந்தார். பீரங்கிக் குழாயைத் துளைக்கும்போது வெப்பம் பிறந்துகொண்டே இருப்பதைக் கவனித்து, வெப்பம் என்பது ஒரு பொருள் இல்லை, இயக்கம் என்று 1798-ல் எழுதியவரும் இவர்தான்.

1790 ஜனவரி 1 அன்று மியூனிக் தெருக்களில் இருந்த பிச்சைக்காரர்களைப் பிடித்து ஒரு வேலை இல்லத்தில் சேர்க்கும் திட்டத்தைத் தொடங்கினார். வேலை வாங்கினால் சோறு போடணும். ஒரு ஆளுக்கு எவ்வளவு குறைந்த செலவில் வயிறு நிரப்பலாம்? அடுப்பு விறகு வரைக்கும் கணக்குப் போட்டார். பார்லி, பட்டாணி, வினிகர், உப்பு, காய்ந்த ரொட்டித் துண்டு, நிறையத் தண்ணீர். இதுதான் முதல் வடிவம். பிறகு பார்லியில் ஒரு பங்கைக் குறைத்து உருளையைச் சேர்த்தார். செலவு இன்னும் இறங்கியது.

ஆனால் வேலை இல்லத்துக்காரர்களுக்கு உருளை என்றாலே ஆகாது. அதனால் ஒதுக்குப்புறமான ஓர் அறையில் தனி அடுப்பு வைத்து, வடிவமே தெரியாத அளவுக்குக் கரையவிட்டு, சொல்லாமல் சூப்பில் கலந்தார்களாம். ரம்ஃபோர்டே இதைத் தன் கட்டுரையில் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். சாப்பிட்டவர்களுக்குச் சூப் கெட்டியானது பிடித்துப்போனது. பிறகு விஷயம் தெரிந்தபோது யாரும் எதிர்க்கவில்லை.

இன்றைக்கு நாம் "கிரீமி" என்று சிலாகிக்கும் அந்தப் பதம், இங்கே ஏழைகளுக்குத் தெரியாமல் கிழங்கை உள்ளே தள்ளும் தந்திரமாக இருந்திருக்கிறது. கிரீம் ஒரு சொட்டு இல்லை. கிழங்கின் மாவுச்சத்துதான் அந்தக் கெட்டியைக் கொடுத்தது. சூடேறும்போது மாவுச்சத்து மணிகள் தண்ணீரை உறிஞ்சி ஊதுகின்றன, கிழங்கு உடைகிறது, சாறு கெட்டிப்படுகிறது. அவ்வளவுதான் ரகசியம்.

இந்தச் சூப் மியூனிக்கோடு நிற்கவில்லை. பாரிஸிலும் "ரம்ஃபோர்டு சூப்" என்ற பெயரிலேயே ஏழைகளுக்கு ஊற்றினார்கள். பிரான்சில் உருளைக்கிழங்குக்காக வாழ்நாள் முழுக்க வாதாடிய பார்மான்தியே அதை ஆதரித்து அறிக்கை கொடுத்தவர்களில் ஒருவர். பிரெஞ்சுச் சமையலில் உருளைக்கிழங்கு சூப்புக்கு இன்றைக்கும் அவர் பெயர்தான்.

கிழங்கில்லாத சூப்பும் கப்பலேறிய வெண்ணெயும்

1845-ல் அயர்லாந்து வயல்களில் கருகல் நோய் விழுந்தது. ஃபைட்டாப்தோரா என்ற நுண்ணுயிர். ஏழை விவசாயிகளில் பெரும்பகுதி உருளையை மட்டுமே நம்பியிருந்த நாடு அது. அடுத்தடுத்த வருஷங்களில் சுமார் 10 லட்சம் பேர் செத்தார்கள். அதைவிட அதிகமானவர்கள் கப்பலேறிப் போனார்கள்.

1847-ல் பிரிட்டிஷ் அரசு சூப் கூடங்களைத் திறந்தது. அந்த ஜூலையில் தினமும் சுமார் 30 லட்சம் பேர் அந்தச் சூப்பை நம்பி உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அதற்கு முன் ஏப்ரலில், லண்டன் ரிஃபார்ம் கிளப்பின் பிரபலச் சமையல்காரர் அலெக்சிஸ் சோயர் டப்ளினில் ஒரு மாதிரிக் கூடத்தை அமைத்தார். 100 பேர் உட்காரும் இடம். கரண்டிகள் சங்கிலியில் கட்டியிருந்தன. மணி அடித்தால் ஒரு கூட்டம் வெளியே போகணும், அடுத்த கூட்டம் உள்ளே வரணும். திறப்பு நாளில் பெரிய மனிதர்கள் 5 ஷில்லிங் நன்கொடை கொடுத்து, ஏழைகள் சாப்பிடுவதை வேடிக்கை பார்த்தார்கள். சோயரின் சூப்பில் 2 கேலன் தண்ணீருக்குக் கால் பவுண்டு மாட்டிறைச்சி. நம் அளவில் 9 லிட்டருக்கு 113 கிராம் சொச்சம். உருளைக்கிழங்கு இல்லை, அதுதானே அழிந்துபோயிருந்தது.

இதோடு நின்றிருந்தால் இயற்கையின் கொடுமை என்று கடந்து போகலாம். ஆனால் அதே வருஷம் அதே அயர்லாந்துத் துறைமுகங்களிலிருந்து இங்கிலாந்துக்கு வெண்ணெய் போய்க்கொண்டிருந்தது. பேக்கனும் போனது. இன்றைய லோடட் சூப்பின் பட்டியலை எடுத்து வைத்துப் பாருங்க. அந்த நாட்டில் கிழங்குதான் அழிந்திருந்தது. வெண்ணெயும் பேக்கனும் இருந்தன. அவை வேறொரு கணக்கில் எழுதப்பட்டிருந்தன, அவ்வளவுதான்.

ஓட்டலுக்கு ஏறிய சூப்

அமெரிக்காவில் கதை வேறு திசையில் போகிறது. கருகல் நோய் அங்கேயும் விளைச்சலை அடித்திருந்தது. மசாசூசெட்ஸில் லூதர் பர்பாங்க் என்ற இளைஞர் ஓர் உருளைச் செடியில் அபூர்வமாகக் காய்த்த விதைக்காயைக் கண்டெடுத்தார். அதில் இருந்த 23 விதைகளை நட்டு, தேறியதில் நல்லதைத் தேர்ந்தெடுத்தார். 1875-ல் அதை 150 டாலருக்கு விற்றுவிட்டுக் கலிபோர்னியா போய்விட்டார். அந்த வகையிலிருந்து வந்த சொரசொரப்புத் தோல்காரன்தான் ரஸ்ஸெட் பர்பாங்க், ஐடஹோ மாநிலத்தின் புகழ்பெற்ற கிழங்கு. மாவுச்சத்து அதிகம். சுட்டால் பொலபொலவென்று உதிரும், சூப்பில் போட்டால் கரையும்.

கிரீம் சேர்ந்த கதையில் முக்கியமானவர் லூயி தியா. நியூயார்க் ரிட்ஸ்-கார்ல்டன் ஓட்டலின் தலைமைச் சமையல்காரர், பிரெஞ்சுக்காரர். சின்ன வயதில் அம்மா செய்த உருளைக்கிழங்கு, லீக் சூப்பில் அண்ணனும் தம்பியும் குளிர்ந்த பாலை ஊற்றி ஆற்றிக் குடித்ததை நினைத்து, 1917 வாக்கில் கிரீம் சேர்த்த குளிர் சூப்பாக அதை மாற்றினார். சொந்த ஊர்ப் பக்கத்து விஷி நகரத்தின் பெயரை வைத்தார். விஷிஸ்வாஸ். ஏழை வீட்டுச் சூப் பட்டுச் சட்டை போட்டுக்கொண்டது இப்படித்தான்.

குகையில் தேங்கிய சீஸ்

1970களில் அமெரிக்க பார்களிலும் உணவகங்களிலும் "பொட்டேட்டோ ஸ்கின்ஸ்" பரவியது. குடைந்த உருளைத் தோலில் சீஸும் பேக்கனும் நிரப்பிச் சுடுவது. அதே கூட்டணிதான் சூப்பின் தலையிலும் ஏறியது.

அதே காலத்தில் அமெரிக்க அரசு ஒரு சிக்கலில் இருந்தது. பால் விலை விழக்கூடாது என்று உபரியையெல்லாம் அரசே வாங்கியது. பாலை வைத்திருக்க முடியாது, சீஸாக்கி வைக்கலாம். மிசௌரிப் பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களில்கூட அடுக்கினார்கள். 1981 டிசம்பரில் கையிருப்பு 56 கோடி பவுண்டு. ரீகன் அதில் 3 கோடி பவுண்டை ஏழைகளுக்கு இலவசமாகக் கொடுக்க உத்தரவிட்டார். 5 பவுண்டுக் கட்டிகளுக்காக ஜனங்கள் வரிசையில் நின்றார்கள். "கவர்ன்மென்ட் சீஸ்" என்ற பெயர் அமெரிக்க ஏழைக் குடும்பங்களின் நினைவில் இன்னும் இருக்கிறது.

1983-ல் வந்த சட்டம், 100 பவுண்டு பாலுக்கு 15 சென்ட் என்று பண்ணையாளர்களிடம் வசூலித்து விளம்பரத்துக்குச் செலவிட வழி செய்தது. 1995-ல் டெய்ரி மேனேஜ்மென்ட் என்ற அமைப்பு உருவானது. டாமினோஸ், டாக்கோ பெல் மாதிரி பெரிய செயின்களோடு உட்கார்ந்து, மெனுவில் சீஸைக் கூட்டுவது அதன் வேலைகளில் ஒன்று. லோடட் சூப்பை அவர்கள்தான் கண்டுபிடித்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. எதன் மேலும் சீஸைக் கொட்டுவது இயல்பாகத் தெரிகிற ஒரு காலத்தை உருவாக்கியதில் அந்த உபரிக்குப் பங்கு உண்டு என்கிறேன்.

ரம்ஃபோர்டின் கணக்கு, எவ்வளவு குறைவாகக் கொடுத்தால் போதும் என்பது. செயின் உணவகத்தின் கணக்கு, எவ்வளவு அதிகமாக ஏற்றலாம் என்பது. நடுவில் 1847.

வீட்டில் செய்ய

ஐந்து பேருக்கு: மாவுக் கிழங்கு 1 கிலோ, பெரிய வெங்காயம் 1, வெண்ணெய் 40 கிராம், மைதா 40 கிராம், பால் முக்கால் லிட்டர், சீஸ் 150 கிராம், உப்பு, மிளகுத்தூள். புதுக் கிழங்கு வேண்டாம், கரையாது.

கிழங்கைத் தோல் சீவித் துண்டு போட்டு, முக்கால் லிட்டர் தண்ணீரில் உப்புப் போட்டு வேகவிடுங்க. அந்தத் தண்ணீரைக் கொட்டாதீங்க, மாவுச்சத்து அதில்தான் இருக்கு. பாதிக் கிழங்கைக் கையால் மசியுங்க, மீதி துண்டாகவே இருக்கட்டும். மிக்ஸியில் அடித்தால் மாவுச்சத்தெல்லாம் வெளியே வந்து பசை மாதிரி இழுக்கும்.

வேறொரு பாத்திரத்தில் வெண்ணெயில் வெங்காயத்தை வதக்கி, மைதாவைப் போட்டுப் பச்சை வாசனை போக இரண்டு நிமிஷம் கிளறுங்க. சூடான பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினால் கட்டி தட்டாது. கிழங்கையும் அதன் தண்ணீரையும் சேர்த்துச் சிறு தீயில் பத்து நிமிஷம் கொதிக்கட்டும். அடிப்பிடிக்கும், பக்கத்திலேயே நில்லுங்க.

அடுப்பை அணைத்த பிறகுதான் சீஸ். கொதிக்கும்போது போட்டால் புரதம் திரண்டு, கொழுப்பு பிரிந்து நிற்கும். பதப்படுத்திய சீஸில் அதைத் தடுக்கும் உப்புகள் இருக்கு. நம்ம ஊரில் கிடைக்கும் அமுல் கட்டி அந்த வகைதான் என்பதால் இதற்குச் சரியாக வரும். கிரீம் இருந்தால் ஊற்றலாம், இல்லாவிட்டாலும் குறை தெரியாது. ரம்ஃபோர்டு அதை நிரூபித்தாயிற்று.

மேலே வெங்காயத்தாள், துருவிய சீஸ், பேக்கன். பேக்கன் சாப்பிடாதவர்கள் நெய்யில் வறுத்த ரொட்டித் துண்டு போடலாம். அதைக் கிண்ணத்தில் ஊற்றிய பிறகு, கடைசியாகப் போடணும். ரம்ஃபோர்டும் அந்த ரொட்டியைப் பரிமாறும் நேரத்தில்தான் போடச் சொன்னார். ஊறாத ரொட்டியை மெல்ல நேரம் எடுக்கும், அவ்வளவு நேரமும் சாப்பிடும் சுகம் நீடிக்கும் என்பது அவர் வாதம். காசு காசாக எண்ணிய அந்த மனுஷன், பிச்சைக்காரருக்கும் மொறுமொறுப்பு வேணும் என்று ஒரு வரி எழுதிவைத்திருக்கிறார்.