நான்கு கோடும் ஒற்றைக் கோடும்



கார்பனின் புறவேற்றுமை வடிவங்கள் என்ற பாடம் நினைவிருக்கிறதா? 1990-க்கு முன் என்னிடம் படித்தவர்கள் வைரம், கிராஃபைட் என்று இரண்டோடு நிறுத்தியிருப்பீர்கள். பின்னால் வந்தவர்களுக்கு மூன்றாவதாக ஃபுல்லரீன் சேர்ந்தது. கால்பந்து வடிவம், 60 கார்பன் அணுக்கள் என்று ஒரு மதிப்பெண் கேள்வியாக முடிந்துபோன பாடம் அது. கண்ணுக்குத் தெரியாத அந்தப் பந்து பந்துதான் என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பதைச் சொல்ல அன்றைக்குப் பொதுத்தேர்வு அவசரம் விடவில்லை. இப்போது எனக்கு நேரம் தாராளமாக இருக்கிறது.

கதை வானத்தில் தொடங்குகிறது. ஒவ்வொரு மூலக்கூறும் தனக்கே உரிய சில அலைநீளங்களை மட்டும் உறிஞ்சும் அல்லது உமிழும். கைரேகை மாதிரி. அதைப் படிப்பதுதான் நிறமாலையியல். இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ஹாரி குரோட்டோ, கார்பன் அணுக்கள் வரிசையாகக் கோத்த சங்கிலி மூலக்கூறுகளின் நுண்ணலை நிறமாலையை ஆய்வகத்தில் அளந்து வைத்திருந்தார். 1970-களில் கனடாவின் ரேடியோ தொலைநோக்கியைத் திருப்பிப் பார்த்தால், விண்மீன்களுக்கு இடையிலுள்ள மேகங்களிலிருந்து அதே கோடுகள் வந்தன! இவ்வளவு நீளச் சங்கிலிகள் அங்கே எப்படி உண்டாகின? கார்பன் நிறைந்த முதிய விண்மீன்களிலா?

இந்தக் கேள்வியோடு 1985-இல் அவர் அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரத்து ரைஸ் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கே ரிச்சர்ட் ஸ்மாலியிடம், திடப்பொருளை லேசரால் ஆவியாக்கி, உண்டாகும் அணுக்கூட்டங்களின் நிறையை அளக்கும் கருவி இருந்தது. ராபர்ட் கர்லும் சேர்ந்துகொண்டார். கருவியை ஓட்டியவர்கள் ஹீத், ஓபிரையன் முதலான ஆராய்ச்சி மாணவர்கள். கிராஃபைட்டை வைத்துச் சுட்டார்கள். எதிர்பார்த்த சங்கிலிகள் வந்தன. கூடவே 720 என்ற நிறையில் ஒரு முகடு மற்றவற்றையெல்லாம் மிஞ்சி நின்றது. 12 பெருக்கல் 60. அறுபது கார்பன் அணுக்கள் இவ்வளவு நிலையாக இருக்க வேண்டுமென்றால் அது மூடிய கூடாகத்தான் இருக்கும், 12 ஐங்கோணமும் 20 அறுகோணமும் சேர்ந்த பந்து என்று முடிவுகட்டி, நவம்பரில் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள்.

ஆனால் கையில் இருந்த சான்று எடை ஒன்றுதான். மூடிய பையைத் தராசில் வைத்து 720 கிராம் என்று சொல்லிவிடலாம். உள்ளே இருப்பது தேங்காயா, பூசணிக்கீற்றா என்று தராசு சொல்லாது. சந்தேகப்பட்டவர்களைக் குறை சொல்ல முடியாது. வடிவத்தைக் காட்ட வேறு நிறமாலைகள் வேண்டும்; அதற்குக் கண்ணில் தெரிகிற அளவுக்காவது பொருள் வேண்டும். அது கிடைக்க ஐந்து வருஷம் ஆயிற்று.

கிடைத்தது வேறு இடத்தில். ஜெர்மனியில் ஹைடல்பர்க்கில் வோல்ஃப்காங் கிராட்ச்மரும், அமெரிக்காவில் டூசானில் டொனால்ட் ஹஃப்மனும் விண்வெளித் தூசியை ஆராய்கிறவர்கள். ஹீலியம் வாயுவுக்குள் கிராஃபைட் கம்பியை மின்சாரத்தால் சூடேற்றிக் கரி செய்தார்கள். நம் வீட்டுச் சிம்னி விளக்கின் கரிக்குத் தூரத்துச் சொந்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கரியின் அகச்சிவப்பு நிறமாலையில் நான்கு கூர்மையான கோடுகள் எழுந்தன. சி-60 பந்து 174 விதமாக அதிரலாம்; ஆனால் அதன் சமச்சீர் காரணமாக நான்கு அதிர்வுகள் மட்டுமே அகச்சிவப்பில் தென்படும் என்று கோட்பாட்டாளர்கள் முன்பே கணக்கிட்டிருந்தார்கள். கோடுகள் ஏதாவது அழுக்கிலிருந்து வந்திருந்தால்? அதற்கும் சோதனை செய்தார்கள். கார்பன்-13-ஐக் கொண்டு கரி செய்தபோது, எடை கூடிய அணுவுக்கு ஏற்ற அளவில் நான்கு கோடுகளும் இடம் மாறின. வந்தது கார்பனிலிருந்துதான்.

சசெக்ஸிலும் ஜோனதன் ஹேர் என்ற மாணவர் அதே முறையில் கரி செய்து, பென்சீனில் ஊறவைத்துச் சிவப்புக் கரைசல் எடுத்துவிட்டார். வெற்றி கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. அந்த நேரம் பார்த்து, 1990 ஆகஸ்ட் 10 வெள்ளிக்கிழமை, 'நேச்சர்' இதழிலிருந்து குரோட்டோவுக்கு ஒரு கட்டுரை வந்தது, மதிப்பிட்டுச் சொல்லுங்கள் என்று. அனுப்பியவர்கள் கிராட்ச்மரும் ஹஃப்மனும். சி-60-ஐப் பென்சீனில் கரைத்துப் பிரித்து, படிகமாகவே எடுத்துவிட்டார்கள்!

மதிப்பீட்டாளர் பெயர் வெளியே தெரியாது. பத்து நாள் இழுத்தடித்தாலும் கேட்பாரில்லை. குரோட்டோ, தாமதமின்றி வெளியிடுங்கள் என்று எழுதினார். தன் பெயரை அவர்களுக்குத் தெரிவித்து, தன் பாராட்டையும் சொல்லச் சொன்னார். ஐந்து வருஷ உழைப்பைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், அந்தப் பதில் எவ்வளவு கனமானது என்று தெரியும்.

ஒரே ஒரு வாசல் திறந்திருந்தது. கிராட்ச்மர் கட்டுரையில் அணுக்கரு காந்த ஒத்ததிர்வு, அதாவது என்.எம்.ஆர்., நிறமாலை இல்லை. கார்பன் அணு எந்தச் சூழலில் உட்கார்ந்திருக்கிறது என்று காட்டும் முறை அது. கால்பந்தின் எந்த முனையில் எறும்பு நின்றாலும் அதைச் சுற்றி இருப்பது ஒரு ஐங்கோணம், இரண்டு அறுகோணம். அறுபது இடமும் ஒரே மாதிரி. ஆகவே சி-60 பந்துதான் என்றால் ஒரே கோடு வர வேண்டும். ரோஜர் டெய்லர் வண்ணப்பிரிகை முறையில் சி-60-ஐயும் சி-70-ஐயும் தனித்தனியே பிரித்தார். சி-60 கரைசல் கருஞ்சிவப்பாக இல்லை, அழகான மெஜந்தா நிறம். என்.எம்.ஆர். கருவியில் வைத்தார்கள். ஒரே கோடு. சற்று நீண்ட சி-70-க்குக் கணக்குப்படி ஐந்து, ஐந்தும் வந்தன.

1996-இல் கர்ல், குரோட்டோ, ஸ்மாலி மூவருக்கும் நோபல். ஒரு பரிசுக்கு மூன்று பேருக்கு மேல் கிடையாது என்பது விதி. கிராட்ச்மரும் ஹஃப்மனும் வெளியே நின்றார்கள். எனக்கு அதில் இன்றும் மனத்தாங்கல் உண்டு.

2010-இல் ஸ்பிட்சர் விண்வெளித் தொலைநோக்கியின் தரவுகளில், பல ஆயிரம் ஒளியாண்டுத் தொலைவில் முதிய விண்மீன் ஒன்று உதறிவிட்ட டிசி-1 என்ற வாயுக்கூட்டில், சி-60-இன் கோடுகளை யான் காமி குழுவினர் கண்டார்கள். 7.0, 8.5, 17.4, 18.9 மைக்ரோமீட்டர். ஹைடல்பர்க் கரியில் பார்த்த அதே நான்கு. குரோட்டோ அப்போது உயிரோடு இருந்தார். 2016 ஏப்ரலில்தான் காலமானார்.

நம் பிள்ளைகளில் யாராவது என்.எம்.ஆர். கருவியோடு வேலை செய்கிறீர்களா? கார்பன் நிறமாலைப் படம் ஒன்று இருந்தால் கீழே போடுங்கள். கோடுகளை எண்ணிப் பார்க்க ஆசையாக இருக்கிறது.