சிக்குக் கோலமும் செங்கற் சூளையும்

மார்கழி வைகறையில், பேரூர் வீதியில் சாணம் தெளித்த வாசலிலே புள்ளியிட்டுக் கொங்குநாட்டுப் பெண்டிர் இழைத்து வந்த சிக்குக் கோலத்தில், அடுத்தடுத்த இரு புள்ளிகளின் நடுவே இழை ஒருமுறைக்குமேல் வெட்டிக்கொள்வதில்லை. மூன்றிழை ஓரிடத்திற் கூடிவிட்டாலோ, பாட்டிமார் புறங்கையால் அழித்துவிட்டு மீண்டும் மாவெடுப்பர். கோடுகள் குறுக்கிடுவது பற்றிய இதே விசாரம் 1944-இல், புடாபெஸ்ட் அருகே கட்டாய வேலைக்குத் தள்ளப்பட்ட கணித பண்டிதர் பால் துரானையும் பற்றிற்று: சூளையிலிருந்து அவர் தள்ளிய வண்டி, தண்டவாளங்கள் குறுக்கிடுமிடத்தில் தடம்புரண்டு செங்கல்லைச் சிந்தும். இக்குறுக்கீட்டையே ஆராய்ந்த கணிதர் கெர்ஹார்ட் ரிங்கெல் 1965-இல், எக்கோடும் ஒருமுறைக்குமேல் வெட்டுப்படாத வரைபடங்களில், கோட்டால் இணைந்த புள்ளிகள் வேறுபடும்படி வர்ணமிட ஆறு வர்ணங்கள் போதுமென்று ஊகிக்க, 1984-இல் கணிதர் போரோடின் அதை நிரூபித்தார். இடையே, 1974-இல், கிஃப்ட் சிரோமணி முதலிய அறிஞர் நம் கோலத்துக்கே கணித இலக்கணம் வகுத்திருந்தனர். அவ்விலக்கணம் அறியாமலே பேரூர்ப் பாட்டி, கோல நடுவிற் சாணவுருண்டையில் பூசணிப்பூவைச் செருகிவிட்டு உள்ளே போயிருப்பாள்.