ப்ளூகோட் பட்டாளமும் வயிற்றுப்போக்கும்

1/ உக்கடம் பழைய புத்தகக் கடையில லயன்-முத்து 'ப்ளூகோட் பட்டாளம்' கண்ணுல பட்டா விட்டுறாதீங்க. 1968-ல பெல்ஜியத்தின் 'ஸ்பிரூ' இதழில் தொடங்கிய தொடர். களம், 1861-65 அமெரிக்க உள்நாட்டுப் போர்.

2/ சார்ஜென்ட்டுக்குச் சண்டைன்னா உசுரு. கார்ப்பரலோ தன் குதிரையைப் பழக்கி வெச்சிருக்கான்: தாக்குதல் ஆரம்பிச்சதும் அது தொப்புனு விழும், இவனும் செத்த மாதிரி படுத்துக்குவான்!

3/ சிரிச்சாச்சுங்களா? நிஜக் கணக்கைப் பாருங்க. அந்தப் போரில் இறந்தவங்க சுமார் 6,20,000 பேர். மூணுல ரெண்டு பங்கு குண்டடியால இல்லீங்க, நோயால. வயிற்றுப்போக்கு, டைபாய்டு, நிமோனியா.

4/ கிருமிநாசினி போட்டு அறுவை சிகிச்சை செய்யும் முறையை லிஸ்டர் வெளியிட்டதே 1867-லதான்.

5/ பீரங்கிக்குத் தப்பின கார்ப்பரலுக்கும் முகாம் தண்ணிதான் பெரிய எதிரி. நம்ம அரசு ஆஸ்பத்திரியில சும்மா கொடுக்கிற ஓஆர்எஸ் பொட்டலத்தை அலட்சியமா வாங்கிப் போடாதீங்க. அது இல்லாம ஒரு பட்டாளமே செத்திருக்கு.