பல துறை, ஒரு பட்டம்: கல்வராயன் மலையிலிருந்து தமிழ்நாட்டின் பொதுநிலைப் பட்டக் கல்வி வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

இளநிலைப் பட்டத்தில் ஒரு துறையை மட்டும் ஆழ்ந்து பயில்வதா, பல துறைகளை இணைத்துப் பயில்வதா என்ற கேள்வி தமிழ்நாட்டில் ஒன்றரை நூற்றாண்டாக எழுந்துவருகிறது. 1857 முதல் இன்றுவரை அதற்குக் கிடைத்த விடைகளை இக்கட்டுரை கால வரிசையில் ஆராய்கிறது. கள்ளக்குறிச்சியும் கல்வராயன் மலையும் இதன் களம். பல்துறைப் பட்டம் பின்தங்கியதற்கு மாணவரின் ஆர்வக் குறைவு காரணமன்று. பாடத்திட்டத்தில் அதற்குக் கிடைத்த சிறிய இடமும், வேலைக்கு விண்ணப்பிக்கும்போது, கேட்கப்படும் பட்டத்துக்கு அது இணையானதா என்று எழும் இணைத்தன்மைச் சிக்கலுமே காரணங்கள் என்பது இதன் முடிபு.

1. ஆய்வுக் களம்

கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்த கல்வராயன் மலை கள்ளக்குறிச்சி, சேலம், தருமபுரி, திருவண்ணாமலை மாவட்டங்களில் பரவியிருக்கிறது. இங்கு வாழ்வோரில் பெரும்பான்மையினர் மலையாளிப் பழங்குடியினர். சடையக் கவுண்டர், குறும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என்ற மூன்று ஜாகீர்தாரர்களின் பிடியிலிருந்த இம்மலை 1976இல்தான் அரசின் நேரடி நிர்வாகத்துக்குள் வந்தது. நாடு விடுதலை பெற்று ஒரு தலைமுறை கடந்த பிறகே இங்கு அரசு நிர்வாகம் முறையாகக் காலூன்றியது என்பதை மனத்தில் கொண்டே இம்மலையின் கல்வியைப் பேச வேண்டும்.

அடிவாரத்துக் கள்ளக்குறிச்சி தென்னாற்காடு மாவட்டத்தில் இருந்தது. 1993இல் விழுப்புரம் மாவட்டத்துக்குச் சென்றது. 2019 நவம்பர் 26 அன்று தனி மாவட்டமானது. பல்கலைக்கழகமும் இப்படியே மாறிக்கொண்டிருந்தது. இப்பகுதிக் கல்லூரிகள் முதலில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தன. 2002இல் வேலூரில் திருவள்ளுவர் பல்கலைக்கழகம் தொடங்கியதும் அதனுடன் இணைந்தன. 2021இல் விழுப்புரத்தில் ஒரு புதிய பல்கலைக்கழகத்துக்குச் சட்டம் இயற்றப்பட்டு, அதே ஆண்டில் அது அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துடன் இணைக்கப்பட்டது. மலையின் சேலம் பக்கத்திலுள்ள கருமந்துறை மாணவருக்கோ 1997இல் தொடங்கிய பெரியார் பல்கலைக்கழகமே எல்லை. வெள்ளிமலையும் கருமந்துறையும் ஒரே மலையில் இருந்தும், இரு ஊர்ப் பிள்ளைகளும் வெவ்வேறு பல்கலைக்கழகங்களின் பாடத்திட்டத்தில் பட்டம் பெறுகிறார்கள்.

2. கட்டாயப் பொதுமை: 1857–1947

1857இல் நிறுவப்பட்ட சென்னைப் பல்கலைக்கழகத்தின் தொடக்ககாலப் பட்டம் இன்றைய பொருளில் ஒற்றைத் துறைப் பட்டமன்று. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பி.ஏ. தேர்வுக்கு ஆங்கிலம், இரண்டாம் மொழி, விருப்பப் பிரிவு என மூன்று பகுதிகள் இருந்தன. கணிதத்தையோ இயற்பியலையோ விருப்பப் பிரிவாக எடுத்தவரும் பி.ஏ. பட்டதாரியே. பி.ஏ.வுக்கு முன்நிலையான எஃப்.ஏ. (முதற்கலை) தேர்விலோ மொழி, கணிதம், வரலாறு, உடலியல் எல்லாவற்றிலும் தேறியாக வேண்டும்.

இந்தக் கட்டாயத்தின் கடுமையைக் கணிதமேதை இராமானுஜன் தம் வாழ்வில் அனுபவித்தார். கும்பகோணத்திலும் பிறகு சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிலும் பயின்ற அவர், கணிதத்தில் ஒப்பற்றவராக இருந்தும், உடலியல் உள்ளிட்ட பிற பாடங்களில் தவறி எஃப்.ஏ. தேறாமலேயே நின்றார். அன்றைய முறை பல பாடங்களைக் கற்பித்தது. ஆனால் அவற்றுள் எதை, எவ்வளவு என்று தேர்ந்துகொள்ளும் உரிமையை மாணவருக்குத் தரவில்லை. பொதுநிலைக் கல்வி மாணவரின் தேர்வோடு அமைய வேண்டும் என்பதற்கு நம் மண்ணிலேயே கிடைக்கும் சான்று இது.

3. பொதுக் கல்வி இயக்கமும் கிராமிய நிறுவனங்களும்

முதல் உலகப் போருக்குப் பின் அமெரிக்கக் கல்லூரிகள் இதே கேள்விக்கு வேறு விடை தேடின. கொலம்பியா பல்கலைக்கழகம் 1919இல் சமகால நாகரிகம் குறித்த பொதுப் பாடத்தைத் தொடங்கியது. பொதுக் கல்வி பற்றிய ஹார்வர்டு குழுவின் அறிக்கை 1945இல் வெளிவந்தது. சர்வபள்ளி இராதாகிருஷ்ணன் தலைமையிலான பல்கலைக்கழகக் கல்விக் குழு 1949இல் அளித்த அறிக்கையில் பொதுக் கல்வியையும் கிராமியப் பல்கலைக்கழகத்தையும் தனித்தனியே வலியுறுத்தியது.

இரண்டாவது பரிந்துரைக்குத் தமிழ்நாட்டில் உருவம் கிடைத்தது. சௌந்தரம் அம்மையாரும் ஜி. இராமச்சந்திரனும் 1947இல் நிறுவிய காந்திகிராமத்தில் 1956இல் கிராமிய நிறுவனம் தொடங்கியது. கோவை பெரியநாயக்கன்பாளையத்து இராமகிருஷ்ண மிஷன் வித்யாலயத்திலும் அத்தகைய நிறுவனம் அமைந்தது. இங்கு வழங்கப்பட்ட மூன்றாண்டுக் கிராமப் பணிப் பட்டயம் பொருளியல், சமூகவியல், கூட்டுறவு, வேளாண்மை, சுகாதாரம் ஆகியவற்றைக் கிராமம் என்ற ஒரே களத்தில் இணைத்துக் கற்பித்தது. தமிழ்நாட்டின் முதல் உண்மையான பல்துறைப் பட்டநிலைப் படிப்பு என இதனைக் கொள்ளலாம்.

மத்திய அரசு இப்பட்டயத்தை வேலைக்குப் பட்டத்துக்கு நிகராக ஏற்றது. ஆனால் மேற்படிப்புக்கு எல்லாப் பல்கலைக்கழகங்களும் ஒரே போல ஏற்கவில்லை. நாட்டின் பல கிராமிய நிறுவனங்கள் காலப்போக்கில் வழக்கமான கல்லூரிகளாக மாறின. காந்திகிராமம் 1976இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாகித் தன் தனித்தன்மையை ஓரளவு காத்துக்கொண்டது. கல்வராயன் மலை அரசின் கைக்கு வந்ததும் அதே ஆண்டில்தான். இம்மலைக்கு மிகவும் பொருந்தியிருக்கக்கூடிய ஒரு படிப்பு, இங்கு பள்ளிக் கல்வியே பரவுவதற்கு முன் நாட்டின் பெரும்பகுதியில் மங்கிவிட்டது.

4. 1978: தேர்வு பள்ளிக்கு இறங்கியது

1978இல் தமிழ்நாடு மேல்நிலைக் கல்விக்கு மாறியது. அதுவரை கல்லூரியில் இருந்த புகுமுக வகுப்பு நீங்கி, பிளஸ் 1, பிளஸ் 2 வகுப்புகள் பள்ளிக்கு வந்தன. பல இலட்சம் பிள்ளைகளுக்கு மேல்நிலைக் கல்வியை அருகில் கொண்டுவந்த நல்ல மாற்றம் இது. ஆயினும் எந்தத் துறையில் பட்டம் பெறலாம் என்பதைப் பதினைந்து வயதில் எடுக்கும் பாடப்பிரிவான குரூப்பே பெரும்பாலும் முடிவு செய்தது. மலைமேல் உள்ள உண்டு உறைவிடப் பள்ளியில் எந்தக் குரூப் உண்டோ அதுவே பிள்ளையின் விருப்பமாகிவிடும். அறிவியல் குரூப் இல்லாத பள்ளியில் படித்தவருக்கு அறிவியல் பட்டங்களின் கதவு கல்லூரி வாசலை மிதிப்பதற்கு முன்பே அடைபட்டிருக்கும். தம் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போகும் இம்மாணவர்களுக்குத் துறையை மாற்றிக்கொள்ள இடம் தரும் பட்டமே மற்ற எவரையும்விட மிகுதியாகத் தேவை.

5. 2008: நான்காம் பகுதி

2008-09 கல்வியாண்டையொட்டித் தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் விருப்பம் சார்ந்த கிரெடிட் முறை பரவியது. இன்றைய கலை அறிவியல் கல்லூரி மாணவரின் மதிப்பெண் பட்டியல் அதன் நேரடி ஆவணம். பகுதி 1 தமிழ் அல்லது பிற மொழி. பகுதி 2 ஆங்கிலம். பகுதி 3 முதன்மைப் பாடமும் துணைப்பாடமும். பகுதி 4 பிற துறை விருப்பப் பாடம், திறன் பாடம், சுற்றுச்சூழல் கல்வி, மதிப்புக் கல்வி. பகுதி 5 நாட்டு நலப்பணித் திட்டம் போன்ற விரிவாக்கப் பணி. மூன்றாண்டுப் பட்டத்துக்குக் குறைந்தது 140 கிரெடிட் தேவை. இதில் மாணவர் வேறு துறைக்குச் சென்று பயிலும் விருப்பப் பாடம் வழக்கமாக இரண்டு; ஒவ்வொன்றுக்கும் 2 கிரெடிட். ஆக, 140இல் 4.

வரலாற்று மாணவர் கணினித் துறை வகுப்பில் அமர்வது நல்ல தொடக்கம்தான். ஆனால் இரண்டு பருவங்களில் வாரத்துக்கு ஓரிரு மணி நேரம் நடக்கும் அப்பாடம் முதன்மைப் பாடத்தோடு எந்த இடத்திலும் சேர்வதில்லை. பல துறைகள் பட்டியலில் அடுத்தடுத்து நிற்கின்றன. அவற்றை இணைக்கும் கேள்வி ஒன்று பாடத்திட்டத்தில் இல்லை.

6. அண்மைக்கால விவாதம்

டெல்லிப் பல்கலைக்கழகம் 2013இல் 11 அடிப்படைப் பாடங்களோடு நான்காண்டுப் பட்டத்தைக் கொண்டுவந்து, எதிர்ப்பால் 2014இல் திரும்பப் பெற்றது. தேசியக் கல்விக் கொள்கை 2020 பல்துறைக் கல்வியை மையக் கருத்தாக்கியது. அதையொட்டிப் பல்கலைக்கழக மானியக் குழு 2022 டிசம்பரில் வெளியிட்ட சட்டகம் மூன்றாண்டுப் பட்டத்துக்கு 120 கிரெடிட், நான்காண்டுக்கு 160 என வகுத்து, பல்துறைப் பாடங்களுக்கு 9 கிரெடிட் ஒதுக்கியது. ஓராண்டில் சான்றிதழ், ஈராண்டில் பட்டயம் பெற்று வெளியேறும் வழியையும் திறந்தது. தமிழ்நாடு மூன்றாண்டுப் பட்டத்தையே தொடர்ந்தது. தனக்கெனக் கல்விக் கொள்கை வகுக்க 2022இல் நீதிபதி த. முருகேசன் தலைமையில் குழு அமைத்தது.

ஓராண்டிலேயே சான்றிதழோடு வெளியேறலாம் என்ற வாய்ப்பு, வறுமைப்பட்ட வீட்டுப் பிள்ளையைப் படிப்பிலிருந்து தள்ளிவிடும் என்ற அச்சம் கல்வராயன் மலையைப் பொறுத்தவரை முற்றிலும் நியாயமானது. செம்மரம் வெட்டவும் தோட்ட வேலைக்கும் இளைஞர்களை அழைத்துப்போகும் ஆட்கள் இருக்கும் இடத்தில், இடைவழி வெளியேற்றம் படிப்பையே முடித்துவிடும். ஆனால் பல்துறைக் கல்வியை இந்த வெளியேற்ற ஏற்பாட்டிலிருந்து பிரித்துப் பார்க்க வேண்டும். மூன்றாண்டும் முழுதாகப் படித்தே பல துறைகளை இணைக்க முடியும். எடுத்துக்காட்டாக, இலங்கையில் யாழ்ப்பாணம் உள்ளிட்ட பல்கலைக்கழகங்கள் மூன்று பாடங்களைக் கொண்ட மூன்றாண்டுப் பொதுப் பட்டத்தையும், ஒரே பாடத்தில் ஆழும் நான்காண்டுச் சிறப்புப் பட்டத்தையும் நெடுங்காலம் அடுத்தடுத்து நடத்தின.

7. இணைத்தன்மை என்னும் வாயில்

தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் குரூப் 1, குரூப் 2 தேர்வுகளில் பெரும்பாலான பதவிகளுக்கு ஏதேனும் ஒரு பட்டம் போதும். அங்குப் பல்துறைப் பட்டதாரிக்குத் தடையில்லை. ஆசிரியர் பணியில் நிலைமை வேறு. குறிப்பிட்ட பாடத்தில் பட்டம் கேட்கப்படும்போது, பெயர் சற்று மாறிய பட்டமும் இணையானதா என்ற கேள்விக்கு உள்ளாகிறது. உயர்கல்வித் துறை அரசாணைகள் சில பட்டங்களை இணையானவை என்றும் சிலவற்றை இணையல்ல என்றும் அறிவித்துவருகின்றன. மாணவர் சேர்ந்து, படித்து, தேறி, வேலைக்கு விண்ணப்பித்த பிறகே பலருக்கு இந்த விவரம் தெரியவருகிறது. இந்த அச்சம் இருக்கும்வரை மலையிலிருந்து இறங்கிவரும் பெற்றோரிடம் புதுப்பெயர்ப் பட்டத்தைப் பரிந்துரைக்க எந்த ஆசிரியருக்கும் மனம் வராது. 1956இன் கிராமியப் பட்டயத்தை வலுவிழக்கச் செய்ததும், மேற்படிப்பில் எழுந்த இதே இணைத்தன்மைச் சிக்கல்தான்.

8. மலையே பாடம்

பல்துறைப் பட்டம் ஏன் வேண்டும் என்பதற்குக் கல்வராயன் காட்டுக் கடுக்காயை எடுத்துக்கொள்வோம். அந்த மரத்தின் இயல்பைச் சொல்வது தாவரவியல். திரிபலையில் அதன் இடத்தைச் சொல்வது சித்த மருத்துவம். இடைத்தரகர் தரும் விலைக்கும் அரசு அறிவிக்கும் குறைந்தபட்ச ஆதரவு விலைக்கும் உள்ள இடைவெளியை அளப்பது வணிகவியல். பொறுக்கவும் விற்கவும் பழங்குடியினருக்கு உள்ள உரிமையைச் சொல்வது 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம். நான்கையும் அறிந்த ஒரு பட்டதாரி வெள்ளிமலையில் இருந்தால், கிராம சபைக்கு விண்ணப்பம் எழுதுவது முதல் கூட்டுறவுக் கணக்குப் பார்ப்பது வரை அவருக்கு வேலை இருக்கிறது. மலையின் சிக்கல்களும் துறைவாரியாகப் பிரிந்து வருவதில்லை. 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலை குறித்துத் தாமாக முன்வந்து வழக்கு எடுத்தபோது சாலை, மருத்துவம், கல்வி, வாழ்வாதாரம் எல்லாம் ஒன்றாகவே எழுந்தன.

முடிவுரை

வரலாறு மூன்று பாடங்களைத் தருகிறது. எஃப்.ஏ. காலம், தேர்வுரிமை இல்லாத பொதுமை திறமையை வீணாக்கும் என்கிறது. கிராமிய நிறுவனம், களம் ஒன்று இருந்தால் பல துறைகள் தாமே இணையும் என்கிறது. அதன் தேய்வு, ஏற்பு இல்லாத பட்டம் நிலைக்காது என்கிறது. இவற்றைக் கொண்டு பார்த்தால் செய்ய வேண்டியது தெளிவு. கள்ளக்குறிச்சி மாவட்ட அரசுக் கல்லூரி ஒன்றில் காடு, சட்டம், பொருளியல், பொது சுகாதாரம் ஆகியவற்றை இணைக்கும் மூன்றாண்டுப் பட்டம் தொடங்கலாம். எந்தக் குரூப்பில் படித்தவரும் அதில் சேர முடிய வேண்டும். அண்ணாமலை, பெரியார் பல்கலைக்கழகங்கள் அதன் கிரெடிட்டைப் பரஸ்பரம் ஏற்க வேண்டும். எந்தெந்தப் பணிக்கும் மேற்படிப்புக்கும் அப்பட்டம் இணையானது என்ற அரசாணை முதல் மாணவர் சேரும் நாளுக்கு முன்பே வெளிவர வேண்டும். இந்தக் கடைசி நிபந்தனையை விட்டுவிட்டுப் பட்டத்தைத் தொடங்குவது, 1956இன் தவறை ஏற்கெனவே பல தலைமுறை காத்திருந்த மக்களின் பிள்ளைகள்மீது மறுபடி சுமத்துவதாகும்.