கலைந்த எழுத்தும் கண்டெடுத்த சொல்லும்

எழுத்துகளைக் கலைத்துப் போட்டுச் சொல்லைக் காணச் செய்யும் விளையாட்டு மேலைநாட்டுச் செய்தித்தாள்கள் நமக்கு அளித்த கொடை என்று பலர் எண்ணுகின்றனர். 1913ஆம் ஆண்டு நியூயார்க் நாளேடு ஒன்றில் குறுக்கெழுத்துப் புதிர் வெளிவந்தது உண்மையே. ஆயின், 12ஆம் நூற்றாண்டினதாகக் கருதப்பெறும் தண்டியலங்காரம் எழுத்தை வைத்தாடும் செய்யுள் வகைகளுக்கு அன்றே இலக்கணம் வகுத்துவிட்டது. மிறைக்கவி என்னும் அவற்றுள் எழுத்து வருத்தனம் ஓரெழுத்தாய்ப் பெருக்கிச் செல்வது: கா என்றால் சோலை, காவி என்றால் குவளை, காவிரி என்றால் ஆறு. அக்கரச்சுதகம் அதற்கு மறுதலை; தாமரையில் முதலெழுத்து நீங்கின் மரை என்னும் மான் நிற்கும். கரந்துறைச் செய்யுளோ, ஒரு பாட்டின் எழுத்துகளுக்குள் மற்றொரு பாட்டை ஒளித்து வைப்பது. இவற்றுக்கும் முற்பட்டது 7ஆம் நூற்றாண்டில் ஞானசம்பந்தர் பாடிய மாலைமாற்று. மிறைக்கவி யாவும் உயர்ந்த கவிதை என்று வாதிட நான் வரவில்லை. பலவற்றில் கவிதையினும் உழைப்பே மிகுதி.

விளையாட்டாக அன்றி, வேறு வழியின்றி எழுத்துப் புதிரை அவிழ்த்தவர்கள் ஏட்டுச்சுவடிப் பதிப்பாசிரியர்கள். ஓலை கிழியும் என்றஞ்சி எழுதுவோர் பெரும்பாலும் புள்ளி இடார். எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் வேறுபாடு இராது. காலும் ரகரமும் ஒன்றுபோல் இருக்கும். ஏட்டில் 'பரல' என்றிருப்பின் அது பரலா, பாலா? சிலம்பின் பரல் முத்தா மாணிக்கமா என்பதே கண்ணகி வழக்கின் உயிர். அவ்விடத்தில் பால் என்று படித்தவன் காப்பியத்தையே கவிழ்த்துவிடுவான். 1887இல் சீவக சிந்தாமணியையும் 1892இல் சிலப்பதிகாரத்தையும் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர் ஏடு ஏடாக ஒப்புநோக்கிப் பட்ட பாடு இத்தகையது.

பொருள் கிடைத்துவிட்டது என்பதாலேயே விடை சரியாகிவிடாது. 1610இல் கலிலியோ சனிக்கோளைப் பற்றிய தம் கண்டுபிடிப்பை 37 எழுத்துகளாகக் கலைத்து அனுப்பினார். மிக உயர்ந்த கோள் மூன்றாகத் தெரிந்தது என்பதே அதன் பொருள். கெப்ளர் அவ்வெழுத்துகளைக் கூட்டி, செவ்வாய்க்கு இரு துணைகள் உண்டு என்று படித்தார். விடை தவறு, எனினும் 1877இல் செவ்வாய்க்கு இரண்டு துணைக்கோள்கள் இருப்பது மெய்யாகவே கண்டறியப்பட்டது! கெப்ளருக்குக் கைகொடுத்தது தற்செயல். ஏட்டாசிரியருக்கு அந்த நற்பேறு வாய்ப்பதில்லை. யாப்பும் எதுகையும் பழைய உரையுமே அவருக்குத் துணை.

வகுப்பறையில் நமக்குத் துணை நன்னூல். றா, ம், ல, கு, ற் என்று கரும்பலகையில் எழுதுக. இவ்வைந்தையும் 120 வகையாக அடுக்கலாம். மெய் மொழிமுதல் வாராது. றகர லகரங்களும் வாரா. எனவே கு ஒன்றே முதலில் நிற்கும். மகர மெய்யை அடுத்து வரத்தக்க எழுத்து இங்கில்லை. அது கடைக்குப் போகும். றகர மெய்க்குப்பின் றா ஒன்றே பொருந்தும். 120 இரண்டாய்ச் சுருங்கிவிட்டது: குலற்றாம், குற்றாலம். முன்னது சொல்லன்று என்பதை மாணவரே கூறுவர். மொழிமுதல், மொழியிறுதி, மெய்ம்மயக்கம் என்னும் மூன்றையும் மனப்பாடம் செய்யவைத்துச் சலிப்பூட்டுவதைவிட இவ்வாறு தொடங்குவது நன்று என்பது என் துணிபு.

நம்மூர்ப் பெயரைக் கொடுத்தால் மட்டும் இவ்விதி தடுமாறும். தை, ப், பி, ங் என்னும் நான்கில் முதலெழுத்தும் இடையொற்றும் விதிக்கு அடங்கும். ஙகர ஒற்றோ தமிழ்ச்சொல்லின் ஈற்றில் நில்லாது. லாருட் கலகங்கள் ஓய்ந்த 1874க்குப் பின் வழங்கலான பெயர் அது. பேரமைதி எனப் பொருள்படும் சீனச்சொல்.